ஒரு குடமாவது

எனக்கு வந்தது நெஞ்சு நோய் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பெங்களூர் ஈஜிபுராவிலும் கோலார் தங்கவயல் மாரிக்குப்பத்திலும் என்னைத் தெரிந்த எல்லோரும், அந்தோணிக்கு டஸ்ட் முற்றிப்போய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்றுதான் பேசிக்கொண்டார்கள். பார்க்க வந்தவர்களில் ஒருவர் என் மகளைத் தனியாகக் கூப்பிட்டு, கல்லறைத் தோட்டத்தில் அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டும் போனார். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தங்கவயல்காரர்களுக்கு டஸ்ட் என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுரங்கத்துக்குள் பாறையைத் துளைக்கும்போது மாவு மாதிரி தூசி கிளம்பும். வருஷக்கணக்காக அது நெஞ்சுக்குள் போய்ப் படிந்து நுரையீரலைக் கெட்டியாக்கிவிடும். அப்புறம் மனிதன் படுக்க முடியாது, உட்கார்ந்தே தூங்குவான். என் அப்பா அப்படித்தான் போனார். கடைசி ஒரு வருஷம் கட்டிலில் உட்கார்ந்தபடி, இரண்டு கையையும் முன்னால் ஊன்றி, மூச்சை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டேதான் நானும் துளைக்கிற மிஷினைப் பிடிக்கப் போனேன். வேறு வேலை எங்களுக்கு எது?

சுரங்கத்தை மூடுகிற சமயத்தில் எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். என் படத்தை உறையில் போட்டுக் கொடுத்தவர், "லேசா ஒரு நிழல் இருக்கு, பாத்துக்கோ" என்றார். அவர் டாக்டர்கூட இல்லை. உறை கொடுக்கிற ஆள். ஆனால் நான் பார்த்துக்கொண்டேன், அப்படிப் பார்த்துக்கொண்டேன். மறுபடி ஒரு எக்ஸ்ரே எடுக்கவில்லை, ஏனென்றால் தெரிந்து என்ன ஆகப்போகிறது? எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. டஸ்ட் இருக்கிறவனுக்கு மூச்சு இத்தனை என்று அளந்து வைத்திருக்கிறது, அதை ஓடியும் தூக்கியும் செலவழித்தால் சீக்கிரம் தீரும் என்று. நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு மூச்சைச் சேமிக்க ஆரம்பித்தேன்.

பெங்களூருக்கு வந்து அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் ஸ்டோர் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தேன். உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால்தான் சேர்ந்தேன். ஈஜிபுராவில் இரண்டாவது மாடியில் வீடு கிடைத்தது. முப்பத்தோரு படி. மேல்தொட்டியில் வருவது உப்புத் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் காவேரித் தண்ணீர் கீழே குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், அதைப் பிடித்து மாடிக்குத் தூக்க வேண்டும். என் மனைவி ஸ்டெல்லா தூக்கினாள். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். நான் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒருமாதிரி பார்த்தால் அவளே முந்திக்கொண்டு, அவருக்கு மைன்ஸ் நெஞ்சு என்று சொல்லிவிடுவாள்.

எப்போதாவது, வருஷத்தில் நாலைந்து தடவை, குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் முன்னால் நிற்பாள். நெற்றி வேர்வையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "வாங்களேன், ஒரு குடமாவது தூக்குங்க. கை மறந்துடப் போவுது" என்பாள். நான் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவேன். அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த நடைக்குப் போய்விடுவாள்.

அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. பித்தப்பையில் புற்று. தெரிந்ததற்கும் முடிந்ததற்கும் நடுவில் ஏழு வாரம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம்வரை தண்ணீர் தூக்கினாள். மாரிக்குப்பத்தில் அவளுடைய அப்பா அம்மா இருக்கிற கல்லறைத் தோட்டத்திலேயே அவளையும் வைத்தோம். அதற்கப்புறம் என் மகள் ஷீலா கேன் தண்ணீருக்குச் சொல்லிவிட்டாள், அது வாசலுக்கே வந்துவிடுகிறது. ஷீலாவும் அவள் கணவன் மார்ட்டினும் என்னோடுதான் இருக்கிறார்கள். அவள் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள், அவன் கார் ஓட்டுகிறான். இரண்டு பேரும் என்னை ஒரு துரும்பு எடுத்துப் போட விடமாட்டார்கள். தட்டுகூட மேஜைக்கு வரும், மேஜையிலிருந்து போகும். அன்பு என்றால் அப்படி ஒரு அன்பு.

இந்த ஜூலையில் ஒருநாள் காலை பத்து மணிக்குக் குளிக்கப் போனேன். சோப்பு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். முட்டி இரண்டும் மடங்கி, சுவருக்கும் பக்கெட்டுக்கும் நடுவில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டேன். அடி பலமாகப் படவில்லை, எலும்பு எதுவும் முறியவில்லை. எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். குழாயைப் பிடித்தேன், கை வழுக்கியது. பக்கெட்டை ஊன்றினேன், அது கவிழ்ந்தது. ஒருபக்கமாகப் புரண்டு படுத்துப் பார்த்தேன், அதிலிருந்து புரள முடியவில்லை. ஒரு காலத்தில் ஆள் உயர மிஷினைத் தோளில் சாய்த்து எட்டு மணி நேரம் நின்றவனுக்குத் தன் உடம்பைத் தரையிலிருந்து அரை அடி கிளப்பத் தெரியவில்லை.

சொல்ல வெட்கமாக இருக்கிற இடம் இதுதான். குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுச் சமையலறை. அந்தம்மா மிக்சி போடுவது எனக்குக் கேட்டது, கரண்டி விழுந்தது கேட்டது. ஒரு சத்தம் போட்டிருந்தால் ஓடி வந்திருப்பாள். நான் சத்தம் போடவில்லை. கத்தினால் மூச்சு செலவாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டு ஐந்து மணி நேரம் ஈரத் தரையில் கிடந்தேன். மூன்று மணிக்குச் சாப்பிட வந்த மார்ட்டின்தான் தாழ்ப்பாளை உடைத்து உள்ளே வந்தான். என் மேல் துண்டைப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல், குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி முப்பத்தோரு படி இறங்கினான். இன்றுவரை அவன் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், எந்த ஆஸ்பத்திரியும் இப்படித்தான் இருக்கும். அவசரப் பிரிவில் சிறுநீர் பிடித்துப் பார்த்தபோது அது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. ஷீலா பயந்து அழுதுவிட்டாள். டாக்டர் நிதானமாகச் சொன்னார். ஒரே பக்கமாக நெடுநேரம் நசுங்கிக் கிடந்ததில் தொடையிலும் இடுப்பிலும் தசை நைந்துவிட்டது, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கப் பார்க்கிறது, நிறையத் தண்ணீர் ஏற்றிக் கழுவிவிட்டால் சரியாகும், ஆகாவிட்டால் டயாலிசிஸ் என்றார். டயாலிசிஸ் என்றால் சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையை ஒரு மிஷின் செய்வது. இரண்டு கையிலும் ஊசி குத்தி, பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். ஆறு மணி நேரத்துக்கொரு தரம் நர்ஸ் வந்து பையில் சிறுநீர் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்து எழுதிக்கொண்டு போவாள். ஷீலாவுக்கு அந்தப் பையைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. மூன்றாம் நாள் நிறம் மாறி எலுமிச்சைச் சாறு மாதிரி வந்தபோது அவள் போனில் படம் எடுத்து மார்ட்டினுக்கு அனுப்பினாள். எங்கள் குடும்பத்தில் இப்படியொரு படம் எடுத்துக் கொண்டாடியது அதுதான் முதல் தடவை.

டாக்டரிடம் நான் முதல் நாளே சொல்லிவிட்டேன், எனக்கு டஸ்ட் இருக்கிறது, இருபது வருஷமாக இருக்கிறது என்று. அவர் தமிழ்க்காரர்தான், குடும்பம் மூன்று தலைமுறையாக மல்லேஸ்வரத்தில். எக்ஸ்ரே, ஸ்கேன், ஒரு குழாயை வாயில் வைத்து முழு மூச்சையும் ஊதிக் காட்டும் சோதனை எல்லாம் எழுதிக் கொடுத்தார். சக்கர நாற்காலியில் வைத்து ஒவ்வொரு அறைக்கு வெளியிலும் நிறுத்தினார்கள். அந்தக் காத்திருப்புதான் எனக்கு நிஜமான நோய். இத்தனை வருஷம் பார்க்காமல் வைத்திருந்ததை இன்றைக்குப் படம் பிடித்துக் கையில் கொடுக்கப்போகிறார்கள். அப்பா கையை ஊன்றி உட்கார்ந்திருந்த கட்டில் கண்முன்னால் வந்தது. ஸ்டெல்லா பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. பக்கத்தில் என்றால் கையைப் பிடித்துக்கொள்ள இல்லை. அவள் சும்மா அந்த வரிசையில் உட்கார்ந்து, எதிரில் இருப்பவர்களிடம் எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டிருந்தால் போதும்.

பக்கத்துக் கட்டிலில் காசிம் பாய் இருந்தார். எழுபத்து நாலு வயது. சிவாஜிநகரில் கறிக்கடை. ஸ்கூட்டர்காரன் இடித்துக் கால் முறிந்து, உள்ளே தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். எனக்கு எட்டு வயது மூத்தவர். ஆபரேஷன் ஆன மறுநாள் அந்த மனிதர் வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றுவிட்டார். பிசியோதெரபி பெண் நந்தினி அவர் தொடையைத் தட்டிப் பார்த்து, கல் மாதிரி இருக்கு என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"அங்கிள், ரெண்டு கையும் நெஞ்சு மேல கட்டிக்கோங்க. கை ஊணாம எழுந்திரிங்க."

எழுந்திருக்கப் பார்த்தேன். தொடை நடுங்கியது. பின்பக்கம் நாற்காலியை விட்டுக் கிளம்பவே இல்லை. மறுபடி பார்த்தேன். நந்தினி தன் நோட்டில் எழுதியதை எட்டிப் பார்த்தேன். பூஜ்யம். கைப்பிடி பலம் பார்க்க ஒரு கருவியைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். முள் கொஞ்சம் அசைந்து நின்றது. காசிம் பாய் வாங்கி அமுக்கினார், முள் அந்தக் கோடிக்குப் போனது. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அதற்குப் பதில் அவர் இரண்டு திட்டுத் திட்டியிருக்கலாம்.

"அந்தோணி பாய், நான் ஒரு எக்சர்சைசும் பண்ணினதில்ல. அம்பது வருஷமா தினம் ஆட்டைத் தூக்கி மாட்டறேன். முன்னே நான் ஆட்டைத் தூக்கினேன். வயசானப்புறம் ஆடு என்னைத் தூக்குது."

ஐந்தாம் நாள் காலை டாக்டர் ரவுண்டில் வந்தபோது கையில் என் படங்கள் இருந்தன. ஷீலா எழுந்து நின்றாள். அவர் ஸ்கேனை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பேனா முனையால் ஒரு இடத்தைக் காட்டினார். கடுகளவு வெள்ளை.

"இது பழைய தழும்பு. எப்பவோ வந்து ஆறிப்போனது. இது வளரல, எதையும் அடைக்கல. ஊதிக் காட்டினதும் உங்க வயசுக்கு நல்லாவே இருக்கு. உங்களுக்கு நெஞ்சு போகல சார். காலு போயிடுச்சு."

அப்படியென்றால் படி ஏறினால் இரைக்கிறதே என்று கேட்டேன். தசை இல்லாத காலுக்கு நாலு படியே மலை, அதனால் இரைக்கிறது என்றார். மூச்சைச் சேமிக்கலாம் என்று உட்கார்ந்தேன், உட்கார்ந்ததில் தசை கரைந்தது, தசை கரைந்ததில் இரைத்தது, இரைத்ததைப் பார்த்து டஸ்ட் என்று இன்னும் உட்கார்ந்தேன். இதை அவர் என்னை வைத்துக்கொண்டே ஷீலாவுக்கு விளக்கினார். வயதாக ஆக எல்லோருக்கும் தசை தானாகவே குறையும், வேலை கொடுக்காவிட்டால் வேகமாகக் குறையும். ஆனால் எந்த வயதிலும் சுமை கொடுத்தால் திரும்ப வரும். எழுபதில் வரும், எண்பதில்கூட வரும். நடந்தால் போதாதா என்று ஷீலா கேட்டாள். நடை நல்லதுதான், ஆனால் தசைக்குச் சாப்பாடு பாரம், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிற பாரம் என்றார். எலும்புக்கும் அது நல்லது, எனக்கு இருக்கிற சர்க்கரையும் கட்டுக்குள் நிற்கும், விழுகிற ஆபத்து குறையும், விழுந்தாலும் எழுந்திருக்க முடியும். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

ஷீலா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கேட்டீங்களாப்பா, ஒண்ணும் இல்லையாம்ப்பா" என்றாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு ஒன்றும் இல்லை. அன்றைக்கும் ஒன்றும் இல்லை. அவள் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக ஏறி வந்த அத்தனை நாளும் எனக்கு ஒன்றும் இல்லை. நோய் இருந்திருந்தால்கூட நான் யோக்கியனாக இருந்திருப்பேன். அன்றைக்கு அந்தக் கட்டிலில் எனக்கு ஸ்டெல்லா வேண்டியிருந்தது, வேறு எப்போதும் வேண்டியிராத அளவுக்கு. மன்னிப்புக் கேட்பதற்கு இல்லை, அதெல்லாம் எங்களுக்குள் பழக்கம் இல்லை. அவள் மறுபடி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வேர்வையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்று அதே வார்த்தையைக் கேட்க வேண்டும். நான் நாற்காலியை விட்டு எழுந்து அந்தக் குடத்தை வாங்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன்.

அவள் படியேறி வருகிற சத்தம் எனக்கு மனப்பாடம். பத்தாவது படியில் ஒரு நிமிஷம் நிற்பாள். குடத்துத் தண்ணீர் தளும்பி அடங்கும். மறுபடி கொலுசில்லாத கால் ஏறும். ஆஸ்பத்திரியில் காலையில் தரை துடைக்கிறவர்கள் வாளியை நகர்த்தும்போது அதே தளும்பல் கேட்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு படிகளை எண்ணுவேன். முப்பத்தொன்று வருவதற்குள் வாளி அடுத்த வார்டுக்குப் போய்விடும்.

மறுநாள் நந்தினி வந்தபோது ஒரு கேள்வி கேட்டாள். வீட்டுக்குப் போய் என்ன செய்ய ஆசை, நடக்கணும் என்று மட்டும் சொல்லக்கூடாது, எல்லோரும் அதையே சொல்கிறார்கள் என்றாள்.

"ஒரு குடம் தண்ணி தூக்கணும்மா."

"எவ்வளவு தூரம் அங்கிள்?"

"கல்லறைத் தோட்டத்துக் குழாயிலேர்ந்து என் பொண்டாட்டி இருக்கற இடம் வரைக்கும். எம்பது தப்படி இருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. எப்போது என்று மட்டும் கேட்டாள். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்றைக்கு எங்கள் ஆட்கள் எங்கே பிழைத்தாலும் ஊருக்குப் போய், குழாயில் தண்ணீர் பிடித்து, தங்கள் கையாலேயே கல்லறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். கூலிக்கு ஆள் வைக்கமாட்டோம். அவரவர் ஆளை அவரவர்தான் குளிப்பாட்ட வேண்டும் என்பது வழக்கம். ஸ்டெல்லா இருந்தவரை அவளுடைய அப்பா அம்மாவுக்கு அவள் தண்ணீர் சுமந்தாள். அவள் போனபிறகு அவளுக்கு ஷீலா சுமந்தாள். நான் எல்லா வருஷமும் ஏதாவது ஒரு மேடையில் உட்கார்ந்திருந்தேன், கடைசி இரண்டு வருஷம் மார்ட்டின் கொண்டுவரும் பிளாஸ்டிக் நாற்காலியில். நந்தினி விரல்விட்டு வாரங்களை எண்ணினாள். "ஸ்வல்ப கஷ்டம். ஆனா ஆகும் அங்கிள்" என்றாள்.

அன்றைக்கே நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கி எழுந்திருக்க வைத்தாள். உயரத்திலிருந்து எழுந்தேன். மறுநாள் ஒரு தலையணை. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது தலையணை இல்லாமல் இரண்டு தடவை கை ஊன்றாமல் எழுந்தேன். காசிம் பாய் தன் கட்டிலிலிருந்து கைதட்டினார். மார்ட்டின் அன்று காலை வந்து எனக்குச் சவரம் செய்துவிட்டிருந்தான். பில் எவ்வளவு என்று ஷீலா கடைசிவரை என் கண்ணில் காட்டவில்லை, கம்பெனி இன்ஷூரன்சில் போய்விட்டது என்று மட்டும் சொன்னாள். பொய்யாக இருந்தாலும் நல்ல பொய்.

வீட்டில் பரணிலிருந்து ஸ்டெல்லாவின் குடத்தை எடுக்கச் சொன்னேன். பச்சை நிறப் பிளாஸ்டிக் குடம், கழுத்தில் ஒரு கீறல். ஷீலா தடுத்தாள். விழுந்து எழுந்த மனுஷன், குடமா என்று சண்டை. நந்தினி எழுதிக் கொடுத்த தாளைக் காட்டினேன். முதல் வாரம் வெறும் குடத்தைத் தரையிலிருந்து எடுத்து மேஜையில் வைப்பது, மேஜையிலிருந்து தரையில் வைப்பது, பத்துத் தடவை. அப்புறம் உள்ளே ஒரு சொம்புத் தண்ணீர். வாரத்துக்கு ஒரு சொம்பு ஏற்றுவது. உடம்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும், முதுகை வளைக்காமல் முட்டியை மடக்க வேண்டும், மூச்சை அடக்காமல் விட்டுக்கொண்டே தூக்க வேண்டும். ஒருநாள் தூக்கினால் ஒருநாள் ஓய்வு. ஓய்வு நாளில்தான் தசை வளர்கிறதாம். காவேரித் தண்ணீர் மாதிரி ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஞாபகம் வைத்துக்கொண்டேன். தினம் இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்திருப்பது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது என்று வேறு சிலதும் உண்டு.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை, வலிதான் தெரிந்தது. இரண்டாம் மாதம் ஒருநாள் சோற்றுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தபிறகுதான், நான் எழுந்து போனதே எனக்கு நினைவுக்கு வந்தது. அப்படி நினைக்காமல் எழுந்து எத்தனை வருஷம் இருக்கும்? செப்டம்பர் முடிவில் சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டர் மாத்திரையில் பாதியைக் குறைத்தார். முப்பத்தோரு படி ஏறும்போது பத்தாவது படியில் நின்றேன். இரைத்ததால் இல்லை. அவள் நின்ற இடம் என்பதால் நின்றேன்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கால் குடத்தோடு கூடத்தில் நடந்துகொண்டிருந்தேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த ஷீலா கத்தியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். ஆஸ்பத்திரியில் அழுதது சந்தோஷத்தில் இல்லை என்று அவளிடம் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னேன். உங்கம்மா என்னை நோயாளி என்று நம்பிச் சுமந்தாள், நான் நோயாளியே இல்லை, இது தெரியாமலே அவள் போய்விட்டாளே என்றேன்.

ஷீலா பீன்ஸ் தட்டை ஒதுக்கி வைத்தாள்.

"அம்மாவுக்குத் தெரியும்ப்பா" என்றாள். "உங்கப்பாவுக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்லடி, பயம்தான்னு சொல்லும். அவங்க அப்பாவைக் கண்ணால பாத்த பயம், அதை நாம எப்படிடி இறக்கி வெக்கறதுன்னு கேக்கும். உங்க கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிச்சு. நான்தான் முழுசா நம்பல."

நான் அந்தக் குடத்துக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தெரிந்தேதான் சுமந்திருக்கிறாள். வருஷத்தில் நாலைந்து தடவை வந்து நின்று கேட்டதும் தெரிந்துதான். என்னால் முடியும் என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான், நான் அவளுக்கு நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அன்று தரையிலிருந்து நானாகவேதான் எழுந்தேன். ஷீலா கை கொடுக்க வந்தாள், வேண்டாம் என்றேன்.

நவம்பர் இரண்டாம் தேதி மார்ட்டின் காரில் மாரிக்குப்பம் போனோம். நாற்காலியையும் டிக்கியில் போட்டுக்கொண்டான், இருக்கட்டும் என்று. கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். சாமந்தி மாலையும் சுண்ணாம்பு வாளியுமாக எல்லோரும் தங்கள் தங்கள் ஆட்களிடம் குனிந்திருந்தார்கள். பழைய ஷிப்டுக்காரர்கள் நாலு பேர் என்னைப் பார்த்து, டஸ்ட் எப்படி இருக்கு என்று கேட்டார்கள். டஸ்ட் இல்லை என்றேன். நம்பவில்லை. அவர்களில் இரண்டு பேருக்கு என்னைப் போலவே கால் குச்சியாக இருந்தது. இதைப் படிக்கிற பழைய ஷிப்டுக்காரர்களே, உங்களில் நிஜமாகவே டஸ்ட் இருக்கிறவர்கள் இருக்கலாம், என் அப்பாவுக்கு இருந்தது. ஆனால் ஒரு தடவை ஊதிப் பாருங்கள், படம் எடுங்கள், டாக்டரைக் கேட்டுக்கொண்டு எதையாவது தூக்குங்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

குழாயடியில் வரிசை. என் முறை வந்ததும் பச்சைக் குடத்தை வைத்தேன். விளிம்புவரை நிறையவிட்டேன். முட்டியை மடக்கி உட்கார்ந்து, உடம்போடு அணைத்து, மூச்சை விட்டுக்கொண்டே எழுந்தேன். தோளில் ஏற்றியதும் சில்லென்று கழுத்தில் வழிந்தது. நடந்தேன். நாற்பதாவது தப்படியில் மூச்சு வாங்கியது. வாங்கட்டும் என்று நின்று, இரண்டு மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி நடந்தேன். ஷீலா பக்கவாட்டில் கையை நீட்டியபடியே வந்தாள், தொடவில்லை.

ஸ்டெல்லாவின் தலைமாட்டில் குடத்தை இறக்கி வைத்தேன். கொண்டுவந்துட்டேன் என்று சொன்னேன், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. குந்தி உட்கார்ந்து, தென்னைநாரால் ஒரு வருஷத்துப் பாசியைத் தேய்த்துக் கழுவினேன். பெயரில் உள்ள ஒவ்வொரு எழுத்தையும் விரலால் துடைத்தேன். வெயிலில் கல் ஈரமாக மின்னியது. அவள் முகம் கழுவி நிற்பதுபோல இருந்தது, அவளை அப்படிப் பார்க்க வேண்டும் போலிருந்தது, அந்த ஆசைக்கு நந்தினியின் தாளில் எந்தப் பயிற்சியும் இல்லை.

தண்ணீர் தீர்ந்துவிட்டது. சுண்ணாம்பு கரைக்க இன்னொரு குடம் வேண்டும். மார்ட்டின் நாற்காலியை எடுத்து வந்து போட்டான். ஷீலா குடத்துக்குக் கையை நீட்டினாள்.

"போதும்ப்பா. ஒரு குடம்தானே சொன்னீங்க. உக்காருங்க, இதை நான் கொண்டாறேன்."

நான் முட்டியில் கை வைத்து எழுந்தேன். குடத்தை எடுத்துக்கொண்டேன்.

"உங்கம்மா ரெண்டு தூக்குவா" என்று சொல்லிவிட்டு, குழாயடிக்கு நடந்தேன்.